கடவுளா, கடற்காற்றா? – ரீச்சரிடம் கேளுங்கள்

போன மாதம் ஒருவர், "கோயிலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே செபித்தால் கடவுளுக்குக் கேட்குமா?" என்று எழுதியிருந்தார். "கேட்கும், அவருக்குக் காது நல்லது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது என் மேசையில் ஒரு சீனிப் பை நிறைய இருக்கின்றன. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், பாதிப் பேர் தங்கள் கதையை எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுக்கிறேன். மாமியார் பிரச்சினை எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுங்கள். மாமியார்மார் அதற்குள் எங்கும் போய்விட மாட்டார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: எங்கள் திருக்கோணமலைக் கத்தோலிக்கர் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம், திருப்பலியைப் பூசை என்போம், கோயிலைச் சேர்ந்த சபையைப் பங்கு என்போம். குழம்ப வேண்டாம்.

கேள்வி: ரீச்சர், எனக்கு வயது 36. ஊர் உப்புவெளி. பிறவிக் கத்தோலிக்கன். இருபது வருடம் கோயில் பாடகர் குழுவில் பாடினேன். மூன்று வருடத்துக்கு முன்னர் என் அத்தை மகள் வேற்றுச் சமயத்துப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்தாள். சில மாதத்தில் அவளுடைய தகப்பன் மோசம் போனார். செத்தவீட்டுக்குப் பங்கிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாடக்கூட ஆள் இல்லை, நான் ஒருவன் நின்று பாடினேன். அன்றோடு விட்டேன். இப்போது ஞாயிறு காலை பூசைக்கு மணி அடிக்கிற நேரம் கடற்கரையில் போய் இருக்கிறேன். ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பூசையில் ஒருநாளும் வராத அமைதி அங்கே வருகிறது. மனைவி சிரிக்கிறா, அம்மா அழுகிறா. எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இது கடவுளா, வெறும் கடற்காற்றா? சபையை விட்டவன் கடவுளையும் விட்டவன்தானா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அது சுகமானது. நீங்கள் சபையை விட்டதாக நினைக்கிறீர்கள். சபை உங்களை விட்டதாகக் கணக்கு இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர் பெற்றவர்தான், அதை அழிக்க வழி கிடையாது. திருச்சபைச் சட்டத்தில் திருமணம் பற்றிய பகுதியில் "முறைப்படி விலகியவர்" என்று ஒரு வகையினர் இருந்தார்கள். 2009இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் அந்தச் சொற்களையும் எடுத்துவிட்டார். ஆகவே பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஞாயிறு பூசை கடமை என்று அதே சட்டத்தின் 1247ஆம் இலக்கம் சொல்கிறது, அதை நீங்கள் தவறவிடுகிறீர்கள் என்பதும் உண்மை. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு ஒன்று, மனச்சாட்சியை மனிதருடைய மிக அந்தரங்கமான தூயகம் என்கிறது. அங்கே மனிதர் கடவுளோடு தனித்திருக்கிறாராம். இந்த மூன்றையும் எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு வயதான சுவாமியார். சொல்லிவிட்டு, "மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நித்திரை கொள்ள முடிந்தால் கொள்ளு பிள்ளை" என்றார்.

சரி, என் கதையையும் சொல்லவேண்டும். சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்வது அழகில்லை.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். நான் காலைப் பூசைக்குப் போயிருந்தேன். என்னிடம் எட்டாம் ஆண்டில் கணக்குப் படித்த ஒரு பிள்ளை அன்றைக்குப் பூசைக்கு வரவில்லை. நத்தார்ச் சாமப் பூசைக்கு வந்துவிட்டாள்தானே, இன்றைக்கு வீட்டில் நின்று தம்பியைப் பார் என்று தாய் விட்டுவிட்டு வந்திருந்தா. அவர்களுடைய வீடு கரையோரம். குழந்தையை அயலவர்கள் ஒரு பனையடியில் உயிரோடு கண்டெடுத்தார்கள். அவளை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை. பிரசங்கம் வைத்தவர் வெளியூர்க்காரர், இளம் வயது, நல்ல குரல். "அன்று காலை ஆண்டவருடைய வீட்டில் இருந்தவர்களை ஆண்டவர் தமது சிறகின்கீழ் வைத்துக் காத்தார்" என்றார். எனக்கு முன் வாங்கில் அந்தப் பிள்ளையின் தாய் இருந்தா. அவவின் பிடரியைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. அது அசையவே இல்லை. நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒன்று என்னுடையது, மற்றது யாருடையதோ.

அதன் பிறகு பதினான்கு வருடம் கோயில் படி ஏறவில்லை.

முதல் ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஞாயிறு ஆறு மணிக்கு எழும்பத் தேவையில்லை. வீட்டில் மெழுகுதிரி கொளுத்தி, எனக்குப் பிடித்த சங்கீதங்களை மட்டும் வாசித்து, பிடிக்காதவற்றைத் தட்டிவிட்டு, இதுதான் உண்மையான செபம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நவம்பர் 5ஆம் திகதி சட்டென்று நினைவு வந்தது: ஆத்துமாக்கள் திருநாள் மூன்று நாளைக்கு முன்னமே போய்விட்டது. அம்மாவின் குழிக்கு அந்த வருடம் ஒரு மெழுகுதிரிகூட வைக்கவில்லை. முன்பெல்லாம் நான் நினைவு வைத்துச் செய்ததே கிடையாது. முதல் ஞாயிறே கோயிலில் அறிவிப்பார்கள், சேமக்காலையைத் துப்புரவாக்கப் பெடியள் வருவார்கள், பின்னேரம் ஊரே போகும், நானும் போவேன். அவ்வளவுதான். நினைவு வைத்துக்கொண்டது நான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. வருத்தக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது மாதர் சங்கம். தவக்காலத்தில் மச்சத்தை விடவைத்தது பங்கு. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு மனுசிக்கு வாரம் ஒருமுறை கைகொடுத்துச் "சமாதானம்" சொல்லவைத்ததும் பூசைதான். இவை எல்லாவற்றையும் என் பக்தி என்று எண்ணியிருந்தேன். கோயிலை விட்ட பிறகு ஒன்றும் தானாக நடக்கவில்லை.

தம்பி, இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வைத்திருப்பது. கோயிலை விடலாம். ஆனால் கோயில் உங்களுக்காகச் செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் அன்றைக்கே உங்கள் தலையில் இறங்கிவிடும். அதைத் தூக்குகிறீர்களா என்பதுதான் எனக்குக் கேள்வி. கடலைப் பார்ப்பது சுகமான பகுதி.

நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தார்கள். அந்தக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இப்போது நாம் மான்களைப் பார்த்துக்கொண்டு ஏறிப்போகிறோமே, அதே கோட்டை. இன்றைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தது. இடையில் முந்நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பாறையில் சொல்லும்படியாக ஒரு கட்டடம் இல்லை. ஆனால் ஐயர் ஒருவர் குறித்த நாளில் பாறை விளிம்புக்கு இறங்கிப்போய்த் தேங்காய் உடைத்துப் பூவைக் கடலில் போட்டதையும், சனங்கள் மேலே நின்று கும்பிட்டதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். என் கணவர் சைவர், இந்தக் கதையை அவர்தான் எனக்குச் சொன்னவர். கட்டடம் இல்லாமலும் வழிபடலாம் என்பதற்காக அவர் சொன்னார். எனக்கு வேறொன்று பட்டது. கூரை இல்லை, சுவர் இல்லை, ஆனால் நாள் இருந்தது, இடம் இருந்தது, தேங்காயைச் சுமந்துகொண்டு ஆபத்தான இடத்தில் இறங்க ஒரு மனிதர் இருந்தார். மழை பெய்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

மழை என்றதும் உங்கள் கடற்காற்றுக்கு வருகிறேன். பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான், ரூவாக். ஆகவே "கடவுளா, காற்றா" என்று அந்தப் பாஷையில் கேட்கவே முடியாது. அதை நான் கேட்கவும் மாட்டேன். நான் கேட்பது இது: மார்கழியில் வாடை அடித்து, மழை கொட்டி, கடல் சேறாகக் கலங்கிக் கிடக்கிறபோது ஞாயிறு காலையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? படுக்கையில் என்றால், உங்களுடைய கடவுள் சுற்றுலாக்காரருக்கான கடவுள். அவருடைய சீசன் ஏப்ரலில் தொடங்கிச் செப்ரெம்பரில் முடிந்துவிடும்.

தனியே போனவர்கள் முன்னமும் இருந்தார்கள். நாம் செவ்வாய்க்கிழமைகளில் மன்றாடுகிறவர் பதுவை அந்தோனியார். அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்னர் எகிப்தில் இன்னொரு அந்தோனியார் இருந்தார், வனத்து அந்தோனியார். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பாலைவனத்துக்குப் போனவர். ஒரு பாழடைந்த கோட்டைக்குள் இருபது வருடம் தனியே அடைந்து கிடந்தார். (கோட்டை என்றதும் எனக்கு நம் மான்கள்தான் நினைவுக்கு வருகின்றன.) அவரைப் பார்த்துப் பலர் அதே மாதிரிப் புறப்பட்டார்கள். அடுத்த தலைமுறையில் பசிலியார் என்ற ஆயர் அந்தத் தனிமைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டார்: தனியே இருக்கிறாயே, நீ யாருடைய காலைக் கழுவுவாய்? பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர் நீங்கள். கேள்வி விளங்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கடல் இருக்கிறது, அமைதி இருக்கிறது, அம்மாவின் கண்ணீர் இருக்கிறது. அந்த அத்தை மகளை, யாருக்காகக் கோயிலை விட்டீர்களோ அவளை, தகப்பனுடைய செத்தவீட்டுக்குப் பிறகு எத்தனை தரம் போய்ப் பார்த்தீர்கள் என்பது அதில் இல்லை. எழுத மறந்திருக்கலாம். அப்படியென்றால் மன்னியுங்கள். போகவே இல்லையென்றால், பங்குக்காரருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பாட்டுத்தான்.

அப்புறம் அம்மா. அவவை ஞாயிறு பூசைக்கு யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? ஓட்டோ பிடித்துப் போகிறா என்றால், நீங்கள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுங்கள். உள்ளே போகச் சொல்லவில்லை. பூசை முடியும்வரை கடற்கரையில் இருந்துவிட்டு வந்து ஏற்றுங்கள். அவவின் அழுகையில் பாதி கடவுளைப் பற்றியது. மறுபாதி, வாங்கில் பக்கத்தில் இடம் காலியாக இருப்பதைப் பற்றியது. முதல் பாதிக்கு உங்களாலும் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறேன். அதில் செத்தவர்களுடைய பெயரும் திகதியும். எங்கள் வீட்டார், என்னிடம் படித்த பிள்ளைகள், அயலவர், எல்லாமாக 41 பெயர். காலை ஐந்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு விறாந்தையில் இருந்து அந்த மாதத்துப் பெயர்களை வாசிப்பேன். ஒருவருடைய திகதி வந்தால் அன்றைக்கு ஒரு சாப்பாட்டுப் பார்சல் கூடுதலாகக் கட்டி, ஆஸ்பத்திரியில் பார்க்க ஆள் வராத யாருக்காவது கொண்டுபோய்க் கொடுப்பேன். எட்டாம் ஆண்டுப் பிள்ளையின் நாளில் மட்டும் இரண்டு பார்சல். வாங்குகிறவர்களுக்குக் காரணம் சொல்வதில்லை. ஒருதரம் ஒரு கிழவர், "என்ன அம்மா, யார் செத்தது?" என்று கேட்டார். அவருக்கு எப்படியோ விளங்கியிருக்கிறது.

பாவசங்கீர்த்தனம்தான் கடினமாக இருந்தது. அந்தக் கூட்டுக்குள் முழந்தாளிட எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் "நான் செய்தது பிழை" என்று இன்னொருவர் காதில் படச் சொல்கிற பழக்கம் போய் இரண்டு வருடத்தில், என்னைப் பற்றி எனக்கு மிக நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது. அதை முதலில் கண்டுபிடித்தது என் மருமகள். இப்போது மாதத்தில் ஒருநாள் ஓர் ஓய்வுபெற்ற தாதி வீட்டுக்கு வருவா. அவ மெதடிஸ்த சபை. அவர்களுக்கு இது பழக்கம். அந்தச் சபையைத் தொடங்கிய வெஸ்லி 1742இல் இங்கிலாந்தின் பிறிஸ்டலில் கட்டடக் கடன் அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பெனி சேர்க்கப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்துவிட, காசு வாங்கப் போன இடத்தில் சுகம் விசாரித்து, மனநிலை விசாரித்து, அதுவே வகுப்புக் கூட்டம் ஆகிவிட்டது. எங்கள் வகுப்பில் இரண்டே பேர். பெனி இல்லை, பாற்சோறு உண்டு. அவ தன் பிழையைச் சொல்வா, நான் என் பிழையைச் சொல்வேன், ஒருவரும் ஆறுதல் சொல்வதில்லை. அதுதான் நிபந்தனை.

கேள்வி: ரீச்சர், என் கணவர் கோயிலை விட்டுவிட்டார். மகள் பத்தாம் ஆண்டு. "அப்பா போகாத கோயிலின் பாடத்தை நான் ஏன் படிக்கவேண்டும், சமயப் பாடத்தை விட்டுவிடுகிறேன்" என்கிறாள். என்ன செய்ய? – பாலையூற்று வாசகி

பதில்: விட முடியாது, பிள்ளை. க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். தனக்கு விருப்பமான சமயத்தை அல்லது நம்பிக்கையைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்று அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சொல்கிறது. பரீட்சை நேரசூசி அதை வாசித்ததாகத் தெரியவில்லை. இத்தனை வருடம் படித்த பாடத்தையே எழுதட்டும். நம்பினால்தான் படிக்கலாம் என்று இருந்திருந்தால் என் கணக்கு வகுப்பில் நாலு பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மகளுடைய கேள்வி பாடத்தைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். அவர் தன் காரணத்தை மகளிடம் சொன்னாரா? சொல்லாமல் விட்டால் பிள்ளை அதைச் சோம்பல் என்று நினைக்கும். சிலவேளை சரியாகவும் நினைக்கும். ஒருநாள் இருத்திவைத்து, அவரே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கப் போகவேண்டாம்.

கேள்வி: நான் கோயிலை விட்டு ஐந்து வருடம். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்கிறாள். மறுத்தால் மனம் நோவாள். – நிலாவெளி

பதில்: நிற்கவேண்டாம். ஞானத்தகப்பனுக்கு 16 வயது நிரம்பியிருக்கவேண்டும், உறுதிப்பூசுதல் பெற்றிருக்கவேண்டும், எடுக்கிற பொறுப்புக்கு ஏற்ற விசுவாச வாழ்வு நடத்துகிறவராக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கிறது. முதல் இரண்டும் உங்களிடம் உண்டு. மூன்றாவதற்குப் பீடத்தின் முன்னால் நின்று "ஓம்" சொல்ல வேண்டியிருக்கும். நம்பிக்கை இல்லாமல் கோயிலுக்குள் நின்று பொய் சொல்வதற்கா கோயிலை விட்டீர்கள்?

தங்கச்சியிடம் நேரே சொல்லுங்கள். ஞானத்தகப்பன் பதவிக்கு ஆள் தேடலாம், தாய்மாமனுக்கு வேறு ஆள் கிடையாது. காது குத்துகிற அன்று பிள்ளையை மடியில் வைத்திருக்கப்போவது நீங்கள். தோட்டுக்கு இப்போதே காசு சேர்க்கத் தொடங்குங்கள், பவுன் விலை தெரியும்தானே.

கேள்வி: நீங்கள் இளைஞர்களைக் கெடுக்கிறீர்கள். கோயில் வேண்டாம் என்கிறீர்களே, 1990இல் அந்தக் கோயில் இல்லாவிட்டால் நீங்கள் எங்கே படுத்திருப்பீர்கள்? – ஓர் ஓய்வுபெற்ற உபதேசியார்

பதில்: றோட்டில், ஐயா.

உங்கள் எழுத்து எனக்கு அடையாளம் தெரிகிறது. அந்த ஜூன் மாதம் சண்டை திரும்ப மூண்டபோது நாற்பது நாள் கோயில் மண்டபத்தில் படுத்தோம். என் சின்னவனுக்கு அப்போது ஒரு வயது. பால்மா வரிசையில் என்னை முன்னுக்கு விட்டவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். என் கணவர் சைவர் என்று தெரிந்தும் ஒருவர்கூட ஒரு சொல் கேட்கவில்லை. காலையில் அவர் விபூதி பூசிக்கொண்டு மண்டபத்து மூலையில் நின்று கும்பிடுவார், பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிற கிழவிகள் காலை மடக்கி இடம் விடுவார்கள். அந்த மண்டபத்தில் நான் கண்ட கடவுளை வேறெங்கும் கண்டதில்லை. அதனால்தான் பதினான்கு வருடம் கழித்து அந்தப் பிரசங்கம் எனக்கு அவ்வளவு நொந்தது. வேற்று வீட்டில் கேட்டிருந்தால் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டிருப்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நான் இங்கே எழுதியதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் என்று தேவாலயங்களில் குண்டு வெடித்த செய்தி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. மத்தியானம் நான் சீலையை மாற்றிக்கொண்டு கோயிலடிக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கேற் பூட்டியிருந்தது, பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். வெளியே நாலைந்து பேர். அதில் இரண்டு பேர் என்னைப்போலப் பூசைக்கு வராதவர்கள். ஒருவர் முஸ்லிம், சந்தியில் கடை வைத்திருப்பவர், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. பொலிஸ்காரர் இரண்டு தரம் போகச் சொன்னார். மூன்றாம் தரம் அவரும் சொல்லவில்லை. ஊரடங்கு என்று அறிவித்த பிறகுதான் கலைந்தோம்.

அதன் பிறகு வருடத்தில் இரண்டு மூன்று தரம் போகிறேன். பின் வாங்கில் இருந்துவிட்டு, பிரசங்கம் தொடங்க வெளியே வந்து பூமரத்தடியில் நிற்பேன். விசுவாசப் பிரமாணத்துக்குத் திரும்ப உள்ளே போவேன். சில வரிகளைச் சொல்வேன், சிலவற்றுக்கு வாயை மூடிக்கொள்வேன். இது ஒரு ஒழுங்கான நிலைப்பாடு இல்லை என்று எனக்குத் தெரியும், ஐயா. வேண்டாம் என்று நான் யாருக்கும் எழுதவில்லை. கடவுளுக்குக் காது நல்லது என்றுதான் எழுதினேன்.

கேள்வி: கோயிலை விட்டால் தியான வகுப்பு ஏதாவது சேரலாமா? கொழும்பிலிருந்து ஒரு குழு வருகிறது. மூன்று நாள், கட்டணம் கொஞ்சம் அதிகம். – வாசகி, திருக்கோணமலை நகர்

பதில்: ஒரு வருடம் ஒன்றிலும் சேராதீர்கள். வீடு மாறினவர்கள் முதல் கிழமையே கதிரை மேசை வாங்கக் கூடாது. கட்டணம் அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் உங்கள் பேனையிலிருந்து தானாக வந்திருக்கிறது, அதை நம்புங்கள்.

கேள்வி: கோபிக்கக் கூடாது. நீங்கள் செத்தால் எங்கே அடக்கம் செய்வார்கள்? – பெயர் போடவில்லை

பதில்: கோபம் இல்லை. 68 வயதில் இது நடைமுறைக் கேள்வி.

வெளிப்படையாக விசுவாசத்தைக் கைவிட்டவர், சாகுமுன் மனவருத்தத்தின் அடையாளம் ஒன்றும் காட்டாவிட்டால், கோயிலில் அடக்கச் சடங்கு இல்லை என்று சட்டம் இருக்கிறது. நான் கைவிட்டவளா, பூமரத்தடியில் நிற்கிறவளா என்று தீர்மானிக்கவேண்டியவர் அன்றைக்கு இருக்கிற பங்குத்தந்தை. என் கணவரைத் தகனம் செய்தோம், சாம்பலைக் கடலில் கரைத்தோம். எனக்கும் அப்படியே செய்யலாம் என்று பெரியவன் சொல்கிறான். ஆனால் எனக்கு அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் கிடக்க ஆசை. அங்கே ஒரு வேப்பமரம் நிற்கிறது, பின்னேரத்தில் நிழல் நல்லது.

ஆகவே போன தவக்காலத்தில் மூப்பரைப் போய்க் கண்டேன். விசுவாசத்தைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று பதிலெல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். மனுசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைப் புரட்டினார். "ரீச்சர், 2005 தையிலிருந்து பங்குச் சந்தா கட்டவில்லை" என்றார். கூட்டிப் பார்த்தார், ஒருதரம் பிழையாகக் கூட்டினார், நான் திருத்திக் கொடுத்தேன். தொகை கூடிவிட்டது. இப்போது மாதாமாதம் தவணையாகக் கட்டிவருகிறேன். பற்றுச்சீட்டு தருகிறார். 2011 வரைக்கும் வந்துவிட்டோம்.